வாய்மருந்து

சடையனைக் கண்டுபிடித்தபோது அவன் வேங்கை மரத்துக் கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். கழுத்தில் ஒரு கீறல், தொடையில் ஒரு துளை. கீழே மண்ணில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. வந்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள், எதையும் சிந்தவில்லை. அண்ணன் பேதன்தான் மரமேறிக் கயிற்றை அறுத்து இறக்கினான். தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது, தம்பி இவ்வளவு லேசாக இருக்கிறானே என்றுதான் அவனுக்கு முதலில் அழுகை வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் சடையனின் மனைவி மசணிக்கு ஆண் குழந்தை பிறந்தது.

இப்படி ஆளைப் பிழிந்தெடுத்துப் போகிறவர்களைக் கல்கடம்பு மலையில் சாறுகாரர்கள் என்பார்கள். கரும்புச் சாறு, எலுமிச்சைச் சாறு மாதிரி மலைக்காரன் சாறு. கீழ்நாட்டு மருந்துக் கடைகளின் பின்வாசலில் வாங்குகிறவர்களும் 'சாறு' என்றுதான் கேட்டு வாங்கினார்கள். ரத்தம் என்று வாய்விட்டுக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும் அல்லவா.

முதலில் கீழ்நாட்டுக்காரர்கள் கேட்டது ரத்தம் அல்ல, கொடிதான். காய்ச்சமுறிச்சான் என்று ஒரு கொடி மலையில் படர்ந்து கிடந்தது. கீழ்நாட்டில் எலும்புக் காய்ச்சல் வந்து வீட்டுக்கு ஒரு பாடை கட்டிக்கொண்டிருந்த சமயத்தில், மலையில் ஒரு ஆள்கூடச் சாகவில்லை என்பது யாரோ ஒரு புத்திசாலியின் கண்ணில் பட்டுவிட்டது. மலைக்காரர்கள் பக்கக் கொழுந்தை மட்டும் கிள்ளுவார்கள், தாய்க்கொடியைத் தொடமாட்டார்கள். வந்தவர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். வேர், தண்டு, விதை எல்லாம் லாரியில் ஏறிப் போயின. கண்ணாடிக் கூடாரங்களில் நட்டு வளர்த்தார்கள். செழிப்பாக வளர்ந்தது, மருந்து மட்டும் அதில் இல்லை.

பிறகு அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு வெள்ளை வண்டிகளில் வந்து, ரொட்டியும் தேநீரும் கொடுத்து ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்து செத்ததும் அரசாங்கம் தடை போட்டது. தடை போட்டால் பொருள் மறைந்துவிடும் என்று நினைக்கிற அரசாங்கங்கள் இன்னும் இருக்கின்றன. அதன் பிறகுதான் சாறுகாரர்கள் வந்தார்கள்.

குழந்தையைப் பார்க்க நர்ஸ் ஜெபராணி வந்தாள். அடிவாரத்தில் ஆனைத்தடம் துணைச் சுகாதார நிலையத்தில் வேலை. ஓடையைத் தாண்டி ஊருக்குள் வர அவளுக்கும் அனுமதி இல்லை. சடையன் செத்த பிறகு, வாய் கசக்காத வெளியாள் எவரையும் ஓடைக்கு இந்தப் பக்கம் விடுவதில்லை என்று ஊர் முடிவு செய்திருந்தது. கடுக்காய் பொறுக்க வந்த ஒரு கீழ்நாட்டுக் கிழவனைச் சாறுகாரன் என்று நினைத்துப் பேதனும் மற்றவர்களும் கூர் சீவிய மூங்கில் முளையில் குத்திப் போட்டிருந்தார்கள். அந்தக் கிழவனின் கையில் கோணிப்பையைத் தவிர ஒன்றுமில்லை. அதைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை. செத்தவன் எங்கள் ஆள் என்றால் கொலை, உங்கள் ஆள் என்றால் காவல். இந்தக் கணக்கில் மலைக்கும் சமவெளிக்கும் எந்த வேறுபாடும் இல்லை.

மசணி ஓடைக்கரைப் பாறைக்குக் குழந்தையைத் தூக்கி வந்தாள். பேதனும் கூடவே வந்து, அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"கொடி இன்னும் விழல" என்றாள் ஜெபராணி, குழந்தையின் தொப்புளைப் பார்த்து. "காஞ்சிருச்சு. நல்லா இருக்கான்."

"விழறதுக்குள்ள வாய்மருந்து குடுக்கணும்" என்றான் பேதன். "இவ மாட்டேங்கறா. நீங்களாச்சும் சொல்லுங்க நர்சம்மா."

வாய்மருந்து என்பது மலையின் முறை. தொப்புள்கொடி உதிர்வதற்குள் தாய் இலையை மென்று, அந்த விழுதை முதலில் குழந்தையின் அப்பன் வாயில் வைப்பாள். வேறு ஊரிலிருந்து வந்து கட்டிக்கொண்டவனாக இருந்தாலும் அன்றோடு அவன் வாயும் கசந்து இந்த ஊர்க்காரன் ஆகிவிடுவான். மிச்சத்தைக் குழந்தையின் நாக்கில் தடவுவாள். காய்ச்சமுறிச்சான் கொடி அழிந்த பிறகு, கையில் கிடைத்த கசப்புத் தழையை மென்று இதே காரியத்தைச் செய்தார்கள். அதுவும் பலித்தது.

"எப்படிப் பலிக்குது?" என்று மசணி கேட்டாள். "கொடிதான் இல்லியே."

"கொடியில ஒண்ணும் கிடையாது மசணி. உங்க வாயிலயும் குடல்லயும் ஒரு கிருமி குடியிருக்கு. தலைமுறை தலைமுறையா அந்த இலையைத் தின்னு அது உங்களோட பழகிப்போச்சு. அதுதான் ரத்தத்துல மருந்தைச் சுரக்குது. ஆய்வுக்கூடத்துல பாட்டில்ல போட்டா உயிரோட இருக்கும், ஆனா சும்மா இருக்கும். சுரக்கணும்னா அதுக்கு ஆள் உடம்பு வேணும்."

"அப்ப மூலிகை நாங்கதானா?"

"ஆமா."

"கிருமிதான வேணும்? வந்து வாங்கிட்டுப் போக வேண்டியதுதான. எதுக்கு ஆளைக் கட்டித் தொங்கவிடறாங்க?"

ஜெபராணி சிரித்தாள். சந்தோஷமான சிரிப்பு இல்லை அது. "எப்படி வாங்குவான்? எச்சில்லதான் ஒட்டும். நீ மென்னு துப்பினதை எவன் வாயில வாங்குவான்? ரத்தம்னா ஊசில கௌரவமா ஏறிடும். ஒரு தடவை எச்சில் வாங்கிட்டா அப்புறம் யாரும் மருந்து வாங்க வரமாட்டாங்க. அதனால விக்கிறவனும் இதை வெளிய சொல்றதில்ல. எனக்கே பழைய ஆராய்ச்சிக்கார அம்மா ஒருத்தங்க சொல்லித்தான் தெரியும்."

"பாலு குடுக்கறேனே?"

"பால்ல வராது. எச்சில்ல மட்டும்தான்."

"அதான் நான் இவனுக்கு இன்னும் ஒரு முத்தம்கூடக் குடுக்கல" என்றாள் மசணி.

பேதனுக்குக் கோபம் வந்தது. "காச்ச வந்தா என்னடி பண்ணுவ? போன மழைக்குக் கீழத்தெரு பொம்மியோட புள்ள வாய்மருந்து வாங்காம ரத்தமாக் கக்கிச் செத்துச்சே, பாக்கல? கசக்காத வாயி நம்ம வாயில்ல. சடையன் புள்ள சடையன் மாதிரிதான் இருக்கணும்."

"சடையன் மாதிரின்னா? மரத்துலயா மாமா?"

பேதன் எழுந்து போய் ஓடையில் முகம் கழுவினான். மசணி தணிந்த குரலில் நர்ஸிடம் சொன்னாள்: "கீழ கொண்டாந்து குடுத்தா யாராச்சும் வளப்பாங்களா?"

"பார்க்கலாம். கொடி விழறதுக்கு முன்னாடி கொண்டுவா. அதுக்கப்புறம் உங்க ஆளுங்களே உன்னை விடமாட்டாங்க."

மறுநாள் விடியற்காலையில் மசணி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினாள். காய்ச்சலில் சாகலாம், சாகாமலும் போகலாம். சாறுகாரன் கையில் சிக்கினால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. இதுதான் அவள் போட்ட கணக்கு. பெற்றவளின் கணக்கில் தப்புச் சொல்ல நான் யார்?

பாதி வழியில் பேதன் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தான். "திரும்பு. தம்பியோட கடைசிச் சொத்து இது." அவள் திமிறினாள். இரண்டு பேரும் கத்திய சத்தத்தில் புதருக்குள் கீச்சிட்ட ஒலி அவர்களுக்குக் கேட்கவில்லை.

அந்தக் கருவிக்குச் சாறுகாரர்கள் வைத்த பெயர் நாய். உள்ளங்கை அகலப் பெட்டி. மலைக்காரர்களின் வியர்வையில் வரும் கசப்பு வாசனையைக் காற்றிலேயே பிடித்துக் கீச்சிடும். முன்பெல்லாம் நிஜ நாய்களைப் பழக்கிக் கொண்டுவந்தார்கள். அவை இரண்டு நாளில் மலைக்காரர்களோடு சிநேகமாகிவிடுவதால் பெட்டிக்கு மாறிவிட்டார்கள்.

மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் குப்புராஜ், ஆனைத்தடத்துக்காரன், ஆள் கதவளவு இருப்பான். பின்னால் அவனிடம் வெகுகாலமாக வேலை பார்க்கும் செங்கோடன். கடைசியில் நாயைப் பிடித்துக்கொண்டு திவாகர், ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து துரத்தப்பட்டவன், மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல்.

பேதன் யோசிக்கவே இல்லை. அரிவாளை வீசினான். செங்கோடனின் முழங்கைச் சதை பிய்ந்து தொங்கியது. இரண்டாவது வீச்சுக்குக் கையை ஓங்கும்போது குப்புராஜ் அவன் முட்டியில் சுட்டான். அவன் விழுந்ததும் கால்களில் கயிறு மாட்டினார்கள். மசணியின் கைகளை ஒரு மரத்தைச் சுற்றிக் கட்டினார்கள். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பேதன் முதலில் அவர்களைத் திட்டினான், பிறகு மசணியைத் திட்டினான், பிறகு தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அப்புறம் குழாயில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த நேரம் பூராவும் குழந்தை அவள் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தான்.

கொண்டுவந்த பைகள் பேதனின் சாற்றிலேயே நிரம்பிவிட்டதால், அவளையும் குழந்தையையும் உயிரோடு கொண்டுபோனார்கள். காய் உலர்த்தக் கட்டிக் கைவிடப்பட்ட ஏலக்காய் ஸ்டோர் ஒன்றுதான் அவர்கள் இடம். உள்ளே உலர்த்தும் தட்டுகளுக்குப் பதிலாக ஐஸ் பெட்டிகள். இரும்பு உருளையோடு அவள் காலைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். சாவியைக் குப்புராஜ் இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டான்.

திவாகர் நாயைக் குழந்தையின் மேல் காட்டினான். அது வாய் திறக்கவில்லை.

"வெத்துக் களை" என்றான் குப்புராஜ். "தூக்கி ஓடையில போடு."

"அவசரப்படாதீங்கண்ணா" என்றான் திவாகர். "இவ வாய்மருந்து குடுத்தா இதுவும் சுரக்க ஆரம்பிச்சிரும். எத்தனை நாளைக்கு மலை மலையா வேட்டையாடிட்டுத் திரியறது? ஆளும் குறைஞ்சிட்டு வருது. கொல்லாம கொஞ்சம் கொஞ்சமா எடுத்தோம்னா, தாயும் புள்ளையும் காலத்துக்கும் குடுக்கும். தோட்டம் போட்ட மாதிரி."

குப்புராஜ் அவன் பிடரியில் ஒரு அடி வைத்தான், கண்ணாடி தெறித்துப் போய் விழுந்தது. "இத்தனை நாளா இதைச் சொல்றதுக்கு என்னடா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அது அவன் பாராட்டுகிற விதம். திவாகர் குனிந்து கண்ணாடியைத் துழாவி எடுத்துத் துடைத்துக்கொண்டான். அவன் சிரிக்கவில்லை.

"இந்தா புள்ள" என்று குப்புராஜ் மசணியின் பக்கம் திரும்பினான். "குடு. குடுக்காட்டி இது ஓடைக்குத்தான்."

மசணி குழந்தையைப் பார்த்தாள். கொடுத்தால் குழந்தை பிழைப்பான், இவர்கள் தோட்டத்தில் செடியாக. கொடுக்காவிட்டால் இன்றைக்கே இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பெரிய உடம்பை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் மனதில் அப்போது இருந்தது துணிச்சல் அல்ல, சுத்தமான வெறுப்பு. சில நேரம் வெறுப்பு நன்றாக யோசிக்கும்.

"குடுக்கறேன். ஆனா எங்க முறைப்படி முதல்ல அப்பன் வாயில வெக்கோணும். அப்பத்தான் புள்ளைக்குப் பலிக்கும். புள்ளையைக் கைல வாங்கிட்டு ஒரு ஆம்பளை உக்காரோணும்."

"அப்பனத்தான் அனுப்பி வெச்சாச்சே" என்றான் செங்கோடன், கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டே.

"யாராச்சும் ஒருத்தர்."

குப்புராஜ் திவாகரைப் பார்த்தான். "ஏன்டா படிப்பாளி, அதை வாயில வாங்குனா எனக்கு என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாதுண்ணா. பொறந்த குழந்தைக்கு மட்டும்தான் கிருமி ஒட்டும். பெரியவங்களுக்கு அது வெறும் மருந்து. காய்ச்சல் கிட்ட வராது."

பொய். திவாகருக்கும் அது பொய் என்று தெரியும், மசணிக்கும் தெரியும். அந்தக் கொட்டகையில் தெரியாதவர்கள் இரண்டு பேர்தான். குப்புராஜின் அண்ணன் எலும்புக் காய்ச்சலில் கைகால் முறுக்கிச் செத்தவன். ஊரையே பிழிகிற இந்த ஆளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம் அந்தக் காய்ச்சல்தான். எச்சிலாயிற்றே என்று முகம் சுளித்தான், காறித் துப்பினான், பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.

மசணி அவர்கள் பறித்து வந்த தழையை நன்றாக மென்று, விழுதை அவன் நாக்கில் வைத்தாள். அவன் குமட்டிக்கொண்டு விழுங்கினான். மிச்சத்தைத் தானே விழுங்கிவிட்டு, மெல்லாத பச்சை இலையை விரலால் கசக்கி அவன் மடியிலிருந்த குழந்தையின் உதட்டில் தடவினாள். குழந்தை கசப்பில் வீறிட்டு அழுதான்.

"பலிச்சிருச்சு போல" என்றான் குப்புராஜ்.

அதன் பிறகு அவளைத் தினமும் கறந்தார்கள். காலையில் முழங்கையில் ஊசி ஏறும். தலை சுற்றும். பிறகு கருப்பட்டிக் காப்பி கொடுப்பார்கள், பால் வற்றிவிடக் கூடாதே. ஒரு தடவை அவள் ஊசியைப் பிடுங்கி எறிந்தபோது செங்கோடன் நல்ல கையால் அவள் கடைவாய்ப் பல் ஆடும்படி அறைந்தான். குப்புராஜ் இடையில் மகளுக்குக் காதுகுத்து என்று ஊருக்குப் போய், வாயெல்லாம் வெற்றிலையோடு, புது வேட்டியில் திரும்பி வந்தான். அவன் இல்லாத நேரத்தில் திவாகரும் செங்கோடனும் வாசலில் நின்று வெகுநேரம் குசுகுசுத்தார்கள். குழந்தையின் தொப்புள்கொடி உதிர்ந்து விழுந்தது. மசணி அதை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள்.

கொடி விழுந்த அன்று மதியம் திவாகர் நாயை எடுத்து வந்தான். குழந்தையின் மேல் காட்டினான், சத்தமில்லை. மசணியின் மேல் காட்டினான், கீச்சிட்டது. இருவருக்கும் பின்னால் நின்ற குப்புராஜின் மேல் காட்டினான். அதைவிடப் பலமாகக் கீச்சிட்டது.

குப்புராஜ் சிரித்தான். "கையில ரத்தம் பட்டிருக்கும்டா." வாளித் தண்ணீரில் கை கழுவினான், சட்டையைக் கழற்றிப் போட்டான். நாய் விடாமல் கத்தியது.

"உங்களைப் பார்த்துத்தாண்ணா குரைக்குது" என்றான் திவாகர்.

"பொறந்த புள்ளைக்குத்தான் ஒட்டும்னு சொன்னியேடா."

"சொன்னேண்ணா."

குப்புராஜுக்குப் புரிந்தபோது கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. அதற்குள் செங்கோடன் கடப்பாரையால் அவன் தோளில் இறக்கிவிட்டான். எலும்பு முறிந்த சத்தம் மசணிக்குத் தெளிவாகக் கேட்டது. முறிந்த தோளோடு அவன் செங்கோடனைக் கட்டிப்பிடித்துக் காதைக் கடித்துத் துப்பினான். "உன் கல்யாணத்தைப் பண்ணி வெச்சது நான்டா" என்று கத்தினான். "அதான் உங்களை வெளியாளுக்கு விடலைங்ண்ணா" என்று செங்கோடன் ரத்தம் வழிய நின்று இரண்டாவது முறை ஓங்கினான். மூன்றாவது அடிக்குப் பிறகு குப்புராஜ் எழவில்லை. உத்தரத்தில் கயிறு போட்டு இழுக்க இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. பெரிய உடம்பு.

ஐஸ் பெட்டிகள் நிரம்பின. செங்கோடனும் திவாகரும் அவற்றை வண்டிக்குத் தூக்கிப் போனார்கள். வண்டி ஏற்றத்தில் நின்றது, ஸ்டோரிலிருந்து கொஞ்சம் தூரம்.

குப்புராஜ் இன்னும் சாகவில்லை. தலைகீழாகத் தொங்கியபடி மசணியைப் பார்த்தான். இடுப்புச் சாவி அவன் நெஞ்சுப் பக்கம் சரிந்து ஆடிக்கொண்டிருந்தது. சங்கிலி எட்டிய மட்டும் அவள் நகர்ந்து போய் எட்டிப் பிடித்தாள்.

"நீதான பண்ணுனே" என்றான்.

"ஆமா."

"எம்புள்ளைக்குக் கடலை முட்டாயி கடிச்சுக் குடுத்தேன். காக்காக்கடி கேட்டா. துணி வெக்காமக் கடிச்சுட்டேன்." அவனுக்கு மூச்சுத் திணறியது. "ஊட்டுக்குப் போய்ட்டு வந்தது இவனுகளுக்குத் தெரியும். போவானுக. நாயை எடுத்துட்டுப் போவானுக. எம் பொண்டாட்டி நவமணிகிட்ட ஓடச் சொல்லு."

மசணி பூட்டைத் திறந்தாள். பக்கத்தில் அவர்கள் எடுத்து வந்து போட்ட பேதனின் அரிவாள் கிடந்தது. கயிற்றை அறுக்க ஒரு வீச்சுப் போதும். சடையனையும் பேதனையும் யாரும் அறுத்து இறக்கிக் காப்பாற்றவில்லை. அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு, குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பின்பக்கச் சந்து வழியாக இறங்கி ஓடினாள். இப்படி ஒரு நாள் வந்தால் சந்தோஷப்படுவோம் என்று அவள் நினைத்திருந்தாள். கொஞ்ச தூரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் பெண் பிள்ளையின் நினைவு வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

துணைச் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்ததும் அவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "நவமணின்னு ஒரு பொம்பளை. குப்புராஜ் பொண்டாட்டி. போய்க் கூட்டிட்டு வாங்க நர்சம்மா." ஜெபராணி என்ன ஏது என்று கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்தாள். ஆனைத்தடத்தில் குப்புராஜின் வீடு தெரியாதவர் கிடையாது.

அவள் திரும்பி வந்தபோது பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், நடுவில் ஒரு சிறுமி. நவமணியின் புடவையெல்லாம் எண்ணெய். வலது கை வெந்து கொப்புளித்திருந்தது. சிறுமி தாரிகாவின் காதுகளில் புதுத் தோடு, இரண்டு மடலும் வீங்கியிருந்தன.

"எனக்கு முன்னாடியே அவங்க போயிட்டாங்க" என்றாள் ஜெபராணி, கைக்கு மருந்து போட்டுக்கொண்டே.

நவமணி தானாகச் சொன்னாள். "உங்கண்ணன் எங்கங்கன்னு செங்கோடனைக் கேட்டேன். பதிலே சொல்லாம அந்தப் பெட்டியை எம்மேல காட்டறான். கைக்குழந்தை மேல காட்டறான். சத்தமில்ல. இவ மேல காட்டுனதும் கத்துச்சு. இவ கையைப் புடிச்சு இழுத்தானுங்க. அடுப்புல பலகார எண்ணெய் கொதிச்சிட்டிருந்துச்சு. சட்டியோட தூக்கிச் செங்கோடன் மூஞ்சியில ஊத்திட்டேன். இன்னொருத்தன் ஓடிட்டான். திரும்பி வருவான். அவனுக்கு இப்ப தெரியும்."

"கைக்குழந்தை?"

"எங்கம்மா தூக்கிட்டுப் பின்வாசல்ல போயிட்டாங்க. கழுத்து நிக்காத புள்ளையை அவரு தூக்க மாட்டாரு, அதனால அவனுக்கு ஒண்ணுமில்ல." அவள் மசணியைப் பார்த்தாள். "நீங்க யாருங்க?"

மறைக்கலாம் என்று மசணிக்கு ஒரு கணம் தோன்றியது. "உம் புருசன் வாயில மருந்து வெச்சது நான்தான்."

நவமணி நிமிர்ந்தாள். "எம் புருசன் உன் புருசனை?"

"வேங்கை மரத்துல."

ஒருத்தி மேல் ஒருத்தி பாய்ந்துவிடுவார்கள் என்று பயந்து ஜெபராணி நடுவில் வந்து நின்றாள். இருவரும் பாயவில்லை. இருவருக்கும் உடம்பில் அதற்குத் தெம்பில்லை, நேரமும் இல்லை.

"எம் புள்ளையை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வெப்பேன்?" என்று நவமணி நர்ஸைக் கேட்டாள். "எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பெட்டி கண்டுபிடிச்சிருமே."

"எங்க ஊருக்குள்ள பெட்டி வராது" என்றாள் மசணி. "ஓடையைத் தாண்டுன சாறுகாரன் இன்னும் ஒருத்தனும் திரும்பிப் போனதில்ல. அவ வாயி கசக்குது. அவளை யாரும் தடுக்க முடியாது, அது எங்க முறை."

"நான்?"

"வாய்மருந்து வாங்கிட்டா வரலாம்."

"அப்ப சின்னவன்? அவனையும் கொண்டாந்து இப்படி ஆக்கோணுமா?" நவமணி தலையை அசைத்தாள். "முடியாதுங்க. ஒண்ணாவது மிஞ்சட்டும்."

இதே வார்த்தையைத்தான் மசணி ஓடைக்கரையில் பேதனுக்குச் சொல்ல நினைத்தாள், சொல்ல வராமல் போனது. குழந்தை பசியில் அழ ஆரம்பித்தான். நவமணியின் ரவிக்கை நனைந்தது. அவள் வெட்கப்பட்டு முந்தானையை இழுத்து மூடினாள்.

மசணி குழந்தையை அவிழ்த்து அவள் மடியில் வைத்தாள். "இவளை நான் கொண்டுபோறேன். இவனை நீ கொண்டுபோ."

நவமணி அழுதுகொண்டே குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அவன் ஆள் வித்தியாசம் பார்க்கவில்லை.

பிறகு இருவரும் அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டார்கள். இவன் குடித்ததும் ஏப்பம் விடாமல் படுக்கப் போட்டால் கக்கிவிடுவான். இவளுக்கு இடி என்றால் பயம், காதுக்குத் தினமும் தேங்காயெண்ணெய் வைக்க வேண்டும். இவனுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை, நீயே வைத்துக்கொள். இவள் மோர்ச் சாதம்தான் சாப்பிடுவாள், மலையில் மோர் உண்டா?

"உண்டு" என்றாள் மசணி. அது பொய். அங்கே மாடு வளர்ப்பதில்லை.

தாரிகா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்க உதட்டைக் குவித்தாள். "வாயில வேண்டாம்" என்று ஜெபராணி அவசரமாகச் சொன்னாள், "கைக்குழந்தை இருக்கு உனக்கு." நவமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவுக்குத் தன் மேல் கோபம் என்று நினைத்து அந்தப் பிள்ளை அழுதாள். அவளுக்கு யார் எதைச் சொல்லிப் புரியவைப்பது? மசணிக்கும் தன் மகனின் உச்சியை முகர்ந்துவிட்டு விலக வேண்டியிருந்தது.

வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள். இத்தனை பாடும் எதற்காகப் பட்டாளோ அதை இன்னும் அவள் கேட்கவில்லை.

"இவனுக்குக் காச்ச வந்துச்சுன்னா?"

"அதைப் பத்தி நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றாள் நவமணி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழக்கத்தில் சொன்னாள். "எப்பாடு பட்டாவது சாறு வாங்கிப் போட்டுருவேனுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் தன் மகளைப் பார்த்தாள். மசணியும் அந்தப் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மசணி தாரிகாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மலைப்பாதையில் வேகமாக நடந்தாள்.